ஊருக்குப் பழைய துணி அனுப்பப் போகிறீர்களா?

தீபாவளி முடிந்து பத்து நாள் ஆகட்டும், செமினி வட்டாரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் கட்டிலுக்கு அடியிலோ அலமாரி மேலேயோ ஒரு மூட்டை உட்கார்ந்திருக்கும். பிள்ளைக்குச் சிறுத்துப்போன சட்டை, வீட்டுக்காரருக்கு இடுப்பு பத்தாத காற்சட்டை, இரண்டே தடவை கட்டிவிட்டு மடித்து வைத்த சேலை. தூக்கிப் போட மனசு வராது. "யாருக்காச்சும் அனுப்பி வைக்கலாமே" என்பார் வீட்டம்மா. "அனுப்புற காசுல புதுசே வாங்கிடலாம்" என்பார் வீட்டுக்காரர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கே அனுப்புகிறோம், எப்படிக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் யார் பக்கம் சரி என்று சொல்ல முடியும்.

நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறோம். முன்பெல்லாம் ஊருக்குத் துணி போவது கப்பலில்தான். ரஜூலா ஓடியது, அதன் பிறகு சிதம்பரம் ஓடியது. தோட்டத்திலிருந்து யாராவது ஊருக்குப் புறப்பட்டால், அவர் பெட்டியோடு நாலு வீட்டு மூட்டையும் சேர்ந்து போகும். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பயணமும் நின்றது. அப்புறம் எங்களுக்குத் தபாலாபீஸ்தான் கதி. விமானத்தில் அனுப்பக் காசு பத்தாமல் கடல் வழித் தபாலில் ஒரு பெரிய பொட்டலம் அனுப்பினோம். மழை மாதம். லயத்து ஐந்தடியில் கொடி கட்டிக் காயவைத்த துணி. கைக்குக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி, கெட்டிக்காரத்தனமாக அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்று மாதம் கழித்துச் சின்னம்மாவிடமிருந்து கடுதாசி வந்தது. துணி வந்து சேர்ந்தது, எல்லாரும் உடுத்திக்கொண்டோம், சந்தோஷம் என்று எழுதியிருந்தார். சில வருடம் கழித்து நாங்களே ஊருக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பையைப் பிரித்தவுடன் பூசண வாடை வீட்டையே தூக்கியதாம். கறுப்புப் புள்ளி விழுந்த துணியை எத்தனை வெளுப்பு வெளுத்தும் போகவில்லையாம். "நீங்க மனசு வருத்தப்படுவீங்கன்னு எழுதலப்பா" என்றார் சின்னம்மா. தபால் மேல் குற்றமில்லை. காற்சட்டை இடுப்புப் பட்டையில் இருந்த ஈரத்தையும் சேர்த்து மூட்டை கட்டியது நாங்கள்தான்.

ஆகவே கட்டும் வேலை கொடியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. நம் நாட்டுக் காற்றே ஈரம். நிழலில் காய்ந்த துணியை நம்பக் கூடாது. இரண்டு நாள் நல்ல வெயிலில், உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காய வையுங்கள். கடைசியாகக் காய்வது இடுப்புப் பட்டை, எலாஸ்டிக், மடித்துத் தைத்த ஓரம், சட்டைப்பை ஆகியவை. அந்த இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடும் பைக்குள் திணிக்க வேண்டாம். வீட்டுக்குள் ஆறவிட்டுக் கட்டினால் பைக்குள் வேர்க்காது. கஞ்சி போடாதீர்கள், மொடமொடப்பாக இருக்கட்டும் என்று போடுகிற கஞ்சியைத் தின்னத்தான் பூச்சி வரும்.

பூச்சி என்றவுடன் நம் தாய்மார்களுக்குப் பாச்சை உருண்டை ஞாபகம் வரும். பெரியவர்கள் துணியாக இருந்தாலும் அது வேண்டாம் என்போம். கைக்குழந்தைத் துணியில் வைக்கவே கூடாது. ஜி6பிடி என்ற குறை உள்ள குழந்தைகள் நம் நாட்டில் உண்டு. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தவுடன் இரத்தம் எடுத்துப் பார்த்து அட்டையில் எழுதிக் கொடுக்கிறார்களே, அதுதான். அந்தப் பிள்ளைக்குப் பாச்சை உருண்டை வாடையடித்த துணியைப் போட்டால் இரத்தம் முறிந்து, கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். வாங்குகிற வீட்டில் எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று அனுப்புகிற நமக்குத் தெரியாது. வேப்பிலை வைக்கலாமே என்று கேட்பீர்கள். உள்நாட்டுக்குச் சரி, வெளிநாட்டுக்கு இலை தழை வைத்தால் சுங்கத்தில் பொட்டலம் மாட்டிக்கொள்ளும். வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் இல்லாத, நன்றாகக் காய்ந்த துணியைப் பூச்சி அவ்வளவாகச் சீண்டாது.

இன்னொன்றும் தோட்டத்துக்காரர்களுக்கென்றே சொல்ல வேண்டும். புல் மருந்து அடிக்கிறபோது போட்ட உடுப்பு எத்தனை தடவை துவைத்திருந்தாலும் மூட்டையில் சேர வேண்டாம். பாராகுவாட் மருந்துக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை. ஆனால் அந்தக் காலத்துச் சட்டை பெட்டிக்குள் இன்னும் கிடக்கலாம். மற்ற மருந்துகளும் நல்லவை அல்ல. பால் சட்டையும் அப்படித்தான். கித்தாப்பால் உறைந்த துணியின் வாடை பக்கத்துத் துணிக்கும் ஏறும். இவற்றை வண்டி துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

இனி காசு விஷயம். தராசில் நாலு கிலோ காட்டுகிற பொட்டலத்துக்கு ஏழு கிலோ பணம் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. அது ஏமாற்று அல்ல. கூரியர்காரர்கள் எடையையும் பார்ப்பார்கள், பொட்டலம் அடைக்கிற இடத்தையும் பார்ப்பார்கள். எது அதிகமோ அதற்குப் பணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். 40க்கு 30க்கு 30 பெட்டி என்றால் 36,000. வகுத்தால் 7.2 கிலோ. உள்ளே இருக்கும் துணி நாலு கிலோதான் என்றாலும் கணக்கு 7.2-தான். அதே துணியை அழுத்திச் சுருட்டி, 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் கணக்கு 3.6 ஆகிவிடும். அப்போது தராசு காட்டும் நாலு கிலோவுக்கு மட்டும் கட்டினால் போதும். காற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை!

அதற்காகத்தான் துணிக்கு அட்டைப்பெட்டி வேண்டாம் என்கிறோம். கண்ணாடிச் சாமான் மாதிரி துணி உடையப் போவதில்லை. ஒவ்வொரு துணியையும் நீளவாக்கில் மடித்துப் பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டுங்கள். பொத்தான், ஜிப் எல்லாம் பூட்டி இருக்கட்டும்; ஊக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. தடித்த துணி வெளிச்சுற்றில், பிள்ளைத் துணி நடுவில். சரிகைச் சேலையை மட்டும் சுருட்டாமல், சரிகை உள்ளே போகும்படி மடித்துப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். பத்திரிகைத் தாளில் சுற்றினால் மை ஒட்டும். நம் பத்திரிகையாக இருந்தாலும் ஒட்டத்தான் செய்யும்! எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, முழங்காலை ஊன்றிக் காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து டேப் ஒட்டுங்கள். காற்றை உறிஞ்சுகிற பை கடையில் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் வழியில் ஓர் ஓட்டை விழுந்தால் துணி உப்பி மேலுறை கிழியும். வெளியே ஒரு கட்டுக் கட்டிவிட்டால் பயமில்லை.

மேலுறைக்குப் பத்துக் கிலோ அரிசிச் சாக்கைப்போல வேறு இல்லை. உள்பக்கத்தை வெளியே திருப்பி, உதறிக் கழுவி, வெயிலில் காயவைத்தால் வண்டு இருக்காது. வாயை மடித்துக் கோணி ஊசியால் தைத்துவிடுங்கள். உரச் சாக்கை மட்டும் தொடாதீர்கள். விலாசத்தை வெளியே எழுதுவதோடு நில்லாமல், இருவர் பெயரும் விலாசமும் போன் நம்பரும் எழுதிய தாள் ஒன்றை உள்ளேயும் வையுங்கள். மேல் சீட்டு கிழிந்து போனால் அதுதான் காப்பாற்றும். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு சட்டைப்பையிலும் கையை விட்டுப் பாருங்கள். அடையாள அட்டை, அடகுச் சீட்டு கிடைக்கலாம். நெருப்புப் பற்றவைக்கிற லைட்டர் ஒன்று கிடந்தால் பொட்டலமே நின்றுபோகும்.

இத்தனையும் செய்து முடித்து, பொட்டலம் இந்தியாவுக்கு என்றால், சற்றே நில்லுங்கள். முன்பு 5,000 ரூபாய் மதிப்பு வரை அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினால் அங்கே தீர்வை இல்லை. இணையக் கடைக்காரர்கள் விற்கிற சரக்கையெல்லாம் அன்பளிப்பு என்று எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். 2019 டிசம்பர் 12-ல் இந்திய அரசு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் தவிர, தபாலிலோ கூரியரிலோ வருகிற அன்பளிப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. முழுத் தீர்வை கட்ட வேண்டும். அதற்கு மேல், பிறர் உடுத்திய துணியை இறக்குவதே அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. பழைய கம்பளித் துணியைக்கூட வெட்டிக் கந்தலாக்கித்தான் பானிப்பட் ஆலைகளுக்கு விடுவார்கள். ஆகவே செமினி தபாலாபீசில் வாங்கிக்கொண்டார்கள் என்பதால் தஞ்சாவூரில் கொடுத்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. ஊரில் இருக்கிற சொந்தக்காரர், இலவசமாக வருகிற பழைய சட்டைக்குக் கடன் வாங்கித் தீர்வை கட்டுகிற நிலைமை வரக் கூடாது பாருங்கள். ஊருக்குப் போகிறவர் தம் சொந்தத் துணிமணியோடு சேர்த்து அளவாக எடுத்துப் போவதுதான் இன்றைக்கு நல்ல வழி. கட்டுக்கட்டாக எடுத்துப் போனால் வியாபாரச் சரக்கு என்று சந்தேகப்படுவார்கள். எடுத்துப் போகிறவர் கண் முன்னாலேயே மூட்டையைப் பிரித்துக் காட்டிக் கொடுங்கள். விமான நிலையத்தில் பதில் சொல்லப் போகிறவர் அவர்தான்.

சபா, சரவாக்கில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கோ, ஜொகூர்ப் பக்கத்துச் சொந்தத்துக்கோ அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெள்ள நேரத்தில் அனுப்புகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். 2004 சுனாமியின்போது தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி போனது. உடுத்த முடியாத துணி சாலையோரம் குவிந்து மழையில் நனைந்தது. கடலில் உழைத்துச் சாப்பிட்ட மீனவர்கள் கிழிசலைக் கையேந்தி வாங்குவார்களா? டில்லியில் 1999-ல் தொடங்கிய கூஞ்ச் என்ற அமைப்பு பிற்பாடு அந்தக் குவியலை அள்ளிப் பிரித்து வேறு உபயோகத்துக்குக் கொண்டுவந்தது. பிரிக்கிற வேலையை அனுப்புகிறவர் வீட்டிலேயே செய்திருக்கலாம் அல்லவா?

2021 டிசம்பரில் நம் உலு லங்காட் மாவட்டமே வெள்ளத்தில் தவித்தது. அந்த மாதிரி நேரத்தில் முதலில் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கைலி, துண்டு, பிள்ளைத் துணி என்பார்கள். உள்ளாடை கொடுப்பதானால் புதிதுதான். ஓர் ஆளுக்கு ஒரு செட்டாகக் கட்டுங்கள்: சேலையோடு அதன் ரவிக்கை, பாவாடை, சட்டையோடு காற்சட்டை. "ஆண், பெரிய அளவு", "பெண் பிள்ளை, 6 வயது" என்று மலாயில் எழுதி வெளியே ஒட்டிவிட்டால், முகாமில் இருப்பவர்கள் மூட்டையைக் கொட்டிக் கிளற வேண்டியிருக்காது.

வேறு வெளிநாட்டுக்கு என்றால் சுங்கச் சீட்டில் வெறுமனே துணி என்று எழுதாதீர்கள். உடுத்திய பருத்திச் சட்டை ஆறு, சேலை இரண்டு என்று எண்ணிக்கையோடு ஆங்கிலத்தில் எழுதுங்கள். மதிப்பையும் உள்ளபடி போடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளையைக் கூட்டிப் போங்கள். பணம் கட்டின ரசீதை அப்படியே கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வாங்கப் போகிறவருக்கு அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பொட்டலம் பிரித்ததும் பூசணம் இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.