வழி தவறும் பதில்கள்: மேகக் கணினியில் வேண்டாத வழிகளைக் கண்டறிதல்

ஆங் மோ கியோவிற்கு வரும் கடிதங்களின் அஞ்சல் குறியீடு 56 என்று தொடங்கும். சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ஆறிலக்கக் குறியீட்டில் முதல் இரண்டு எண்கள் வட்டாரத்தைக் காட்டுகின்றன. வீவக குடியிருப்புகளில் இறுதி மூன்று எண்கள் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே அமைகின்றன. கடிதங்களைப் பிரிக்கும் ஒருவரிடம் இரண்டு அறிவுறுத்தல்கள் இருப்பதாகக் கொள்வோம். '56 எனத் தொடங்குபவை ஆங் மோ கியோ பைக்கு' என்பது முதலாவது. '5603 எனத் தொடங்குபவை பக்கத்து அறைக்கு' என்பது இரண்டாவது. 560347 என்னும் குறியீட்டுக்கு இரண்டுமே பொருந்தும். எனினும், குறிப்பாகச் சுட்டுகின்ற இரண்டாவதையே அவர் பின்பற்றுவார். அது பிழையானதாக இருந்தால் அந்தச் சில புளோக்குகளின் கடிதங்கள் மட்டும் காணாமற்போகும். ஏனையவை ஒழுங்காகச் சேரும்.

கணினி வலையமைப்பும் இந்நெறிப்படியே இயங்குகிறது. மேகக் கணிமை நிறுவனத்தின் பெரிய கணினி ஒன்றினுள் நாம் வாடகைக்குப் பெறும் மெய்நிகர் கணினியிலும் ஒரு வழி அட்டவணை உண்டு. எம்முகவரிக்குரிய தரவு எவ்வாயில் வழியே வெளியேற வேண்டும் என்பதை அது கூறும். எவ்வரியும் பொருந்தாதபோது பயன்படுவது இயல்பு வழி. பல வரிகள் பொருந்துமாயின், முகவரியின் தொடக்கத்தை மிகுதியாக ஒத்திருக்கும் வரியே வெல்லும். அவ்வரியை எழுதியவர் யார், அது சரிதானா என்று கணினி வினவுவதில்லை.

இதன் விளைவை உலகம் 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் கண்டது. தன் நாட்டினுள் யூடியூபைத் தடுக்க முனைந்த பாகிஸ்தான் தொலைத்தொடர்பு நிறுவனம், 208.65.153 எனத் தொடங்கும் முகவரிகளுக்கான வழியை அறிவித்தது. அவ்வறிவிப்பு நாட்டெல்லையைக் கடந்து வெளியே பரவியது. யூடியூப் தானே அறிவித்திருந்த வழி இதனினும் பரந்த தொகுதியைச் சுட்டியதால், குறுகிய தொகுதியைச் சுட்டிய பிழையான வழியே வென்றது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் கிடைக்கவில்லை.

வகுப்பறையில் நேரக்கூடிய ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கல்விக்கூடத்தின் கணினிகள் 172.17 எனத் தொடங்கும் முகவரிகளைக் கொண்டவை. அவை தனி இணைப்பின் வழியே ஒரு மேகக் கணினியை அணுகுகின்றன. ஒருநாள் மாணவர் அம்மேகக் கணினியில் டாக்கர் என்னும் மென்பொருளை நிறுவுகிறார். உடனே கல்விக்கூடத்துடனான தொடர்பு அறுந்துபோகிறது. வெளி இணையமோ வழக்கம்போல் இயங்குகிறது. டாக்கர் இயல்பாகவே 172.17 எனத் தொடங்கும் தொகுதியைத் தன் உள் வலையமைப்புக்கு எடுத்துக்கொள்வதே காரணம். மாணவரின் வினா மேகக் கணினியை அடைகிறது. பதிலோ டாக்கரின் உள்வாயிலுக்குப் போய்விடுகிறது. காரணம் அறியாதவர் கணினியையே அழித்துவிட்டுப் புதியதொன்றை அமைப்பார். அதே மென்பொருளை மீண்டும் நிறுவுவார். அதே பிழைக்கு மீண்டும் ஆளாவார். ஒப்படைப்பு நாள் நெருங்கும் வேளையில் இது சிறிய இழப்பன்று.

இத்தகைய சிக்கலை நான்கு படிகளில் அணுகலாம்.

முதலாவது, கணினியிடமே கேட்பது. லினக்ஸ் கணினியில் 'ஐபி ரூட் கெட்' என்னும் கட்டளையுடன் சேரவேண்டிய முகவரியைக் கொடுத்தால், அது தேர்ந்தெடுக்கும் வழியைக் காட்டும்.

இரண்டாவது, அவ்வழியை எழுதியது எது எனக் காண்பது. வாயிலின் பெயர் பெரும்பாலும் அதனைக் காட்டிக்கொடுக்கும்: 'டாக்கர்0' என்றிருந்தால் ஐயமில்லை. தானாக முகவரி வழங்கும் சேவை, தனியார் வலையமைப்பு மென்பொருள், முன்பு ஒருவர் கைப்பட எழுதிய அமைப்புக் கோப்பு ஆகியவையும் வழிகளைச் சேர்க்கக்கூடும்.

மூன்றாவது, மூலத்தில் திருத்துவது. அட்டவணையின் வரியை மட்டும் அழித்தால், கணினியோ அம்மென்பொருளோ மீண்டும் தொடங்கும்போது அது திரும்பிவரும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் டாக்கரின் அமைப்புக் கோப்பில் வேறு முகவரித் தொகுதியைத் தருவதே நிலையான தீர்வு. எதையும் மாற்றுமுன் அட்டவணையைப் படியெடுத்து வைத்தல் வேண்டும். தொலைவிலிருந்து பணியாற்றும் நாம் இயல்பு வழியைத் தவறுதலாக நீக்கிவிட்டால், நாமே வெளியே நின்றுவிடுவோம். மேகக் கணிமை நிறுவனம் தரும் நேரடி முனையத்தை முன்னரே திறந்து வைப்பது நன்று.

நான்காவது, வெளி அட்டவணையை நோக்குவது. மெய்நிகர் கணினியைச் சூழ்ந்த மேக வலையமைப்புக்கும் தனியே ஒரு வழி அட்டவணை உண்டு. உள்ளே யாவும் சரியாக இருப்பின் பிழை அங்கே இருக்கலாம்.

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கட்டளைகளின் பட்டியலாகக் கற்பித்தால், மென்பொருள் மாறும்போது மாணவர் திகைப்பர். அஞ்சல் குறியீட்டிலிருந்து தொடங்கினால் நெறி மனத்தில் நிற்கும். வேண்டாத வழி ஒன்றைக் கண்டவுடன் அழிக்க முந்தாமல், இதனை எழுதியது எது, எதற்காக எழுதியது என்று வினவும் பழக்கத்தை மாணவரிடம் வளர்ப்போம்.