அம்பின் இறகும் குதையும்

உடு என்னும் சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் தரும் பொருள்களுள் இரண்டு அம்பின் உறுப்புகளைச் சார்ந்தவை. அம்பின் இறகு என்பது ஒன்று. அம்பில் நாணைக் கொள்ளும் இடம் என்பது மற்றொன்று. இறகு கோலின்மேல் ஒட்டப்படுவது. நாண் பொருந்தும் வெட்டோ கோலிற் குடையப்படுவது. வேறுபட்ட இவ்விரண்டையும் ஒரு சொல் குறிப்பது எங்ஙனம் என்னும் ஐயம் உரை காண்பார்க்கு எழுதல் இயல்பு. அம்பிற்கு இறகு கட்டும் தொழிலை அறிந்தால் இவ்வையம் நீங்கும் என்பது என் கருத்து. ஆதலின் அத்தொழிலை முதற்கண் காண்போம். நாண் பொருந்தும் வெட்டினைக் குதை என்றே இக்கட்டுரை குறிக்கும்.

இறகு அம்பை விரைந்து செலுத்துவது என்று கருதுவார் உளர். அஃது உண்மையன்று, இறகு அம்பின் விரைவைச் சிறிது குறைக்கவே செய்கின்றது. முனையின் எடையால் அம்பின் எடைமையம் கோலின் முன்பாதியில் அமைகின்றது. பின்னுள்ள இறகு காற்றின் எதிர்ப்பை ஏற்கின்றது. பறக்கும் அம்பின் வால் ஒருபுறம் விலகுமாயின், விலகிய இறகின்மேல் காற்று அழுத்தி அதனை மீண்டும் நேர்ப்படுத்தும். நாணினின்று விடுபட்ட கோல் வளைந்து நெளிந்தே வில்லைக் கடந்து செல்வது. அந்நெளிவின் பின்னர் அம்பு விரைவில் நேர்நெறியடைதற்கும் இறகே துணையாகும்.

மேலை நாடுகளில் மரவில் பயில்வோர் பலர் இன்றும் தம் அம்புகளுக்குத் தாமே வீட்டில் இறகு கட்டுகின்றனர். வான்கோழியின் சிறகிலுள்ள நீண்ட இறகே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. அதன் நடுத்தண்டை நீளவாக்கிற் பிளந்து, அகன்ற பக்கத்து இழைகளை மட்டும் கொண்டு, தண்டின் அடியைத் தேய்த்துத் தட்டையாக்குவர். பின்னர் 4 அல்லது 5 அங்குல நீளமுள்ளதாக நறுக்கிப் பசையிட்டு ஒட்டுவர். ஓர் அம்பிற்குரிய இறகுகள் அனைத்தும் ஒரே பக்கத்துச் சிறகினவாதல் வேண்டும். இடச்சிறகின் இறகும் வலச்சிறகின் இறகும் இயல்பாகவே எதிரெதிராக வளைந்திருத்தலின், இரண்டையும் கலந்தால் ஒன்று அம்பைச் சுழற்றும் திசைக்கு மாறாக மற்றொன்று சுழற்ற முயலும்.

நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது இனி வருவது. மூன்று இறகுகள் கோலைச் சுற்றி 120 பாகை இடைவெளியில் அமைவது பெருவழக்கு. அவற்றை எவ்விடத்துத் தொடங்கி அளப்பது? குதையிலிருந்தே அளத்தல் வேண்டும். குதையின் பிளவிற்குச் செங்குத்தாக ஓர் இறகு நிறுத்தப்படும். ஆங்கிலேயர் அதனைச் சேவல் இறகு என்பர். எளிதில் அறியும்பொருட்டு அதற்கு வேறு நிறம் அமைப்பதும் உண்டு. அம்பை நாணிற் பூட்டும்போது இச்சேவல் இறகு வில்லிற்குப் புறத்தே நோக்கி நிற்க, ஏனைய இரண்டும் வில்லை உரசியும் உரசாமலும் படிந்து செல்லும். குதை சிறிது திரும்பியிருப்பினும் இறகு வில்லின்மேல் மோதும், அம்பு வழிமாறும். ஆதலின் குதையை வெட்டிய பின்னரே இறகின் இடம் குறிக்கப்படுகின்றது. வீட்டில் இறகு ஒட்டுவோர் இக்காலத்துக் கையாளும் சிறு பொறியும் அம்பைக் குதையிற் பற்றிக்கொண்டே மும்முறை திருப்புகின்றது. எனவே குதையும் இறகும் தோற்றத்தான் இரண்டாயினும் தொழிலான் ஒன்றே.

இவ்வமைப்பு மிகப் பழையது. 1991-ஆம் ஆண்டில் ஆல்ப்சு மலைப் பனியிற் கண்டெடுக்கப்பெற்ற, ஏறத்தாழ 5,300 ஆண்டுகட்கு முற்பட்ட மனிதனின் தூணியில் 14 கோல்கள் இருந்தன. அவற்றுள் முற்றுப்பெற்ற அம்புகள் இரண்டே. அவ்விரண்டிலும் மூன்று இறகுகளைப் பூர்ச்ச மரத்துக் கீலால் ஒட்டி, நுண்ணிய நூலாற் சுற்றியிருந்தனர். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொணரப்பெற்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலாகிய மேரி ரோஸில் 3,000-க்கும் மேற்பட்ட அம்புகள் கிடைத்தன. அவற்றின் இறகுகள் கடல்நீரில் அழிந்தொழிந்தன. எனினும் செம்புக் களிம்பு கலந்த பசையும், அதன்மேல் நூல் சுற்றிய தடமும் எஞ்சியுள்ளன. அக்கப்பல் மூழ்கிய ஆண்டிலேயே ரோஜர் ஆஸ்க்கம் வெளியிட்ட டாக்சோபிலஸ் என்னும் வில்நூல், பெருவாத்தின் இறகே சிறந்தது என்று வாதிடுகின்றது. உரையாடல் நடையில் அமைந்த அந்நூல் தொழில்நூலாயினும் இலக்கியச் சுவை உடையது.

வேட்டையம்பின் அகன்ற அலகு தானும் காற்றைப் பற்றி அம்பைத் திருப்ப முயலும். அதனை அடக்குதற்குப் பெரிய இறகைச் சற்றே திருகி ஒட்டுவர்.

இனிச் சொல்லுக்கு மீள்வோம். ஆங்கிலத்தில் அம்பு செய்வோனைக் குறிக்கும் பிளெச்சர் என்னும் பெயர், அம்பு எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லடியாகப் பிறந்தது. இன்றோ அதனோடு ஒலியொத்த வினைச்சொல் இறகு கட்டுதலை மட்டுமே குறிக்கின்றது. வடமொழியிற் புங்கம் என்பதற்கு அம்பின் இறகமைந்த பகுதி என்றும், நாணொடு பொருந்தும் பகுதி என்றும் பொருள் கூறுவர். உடு என்பதன் நிலையும் இதுவே. ஆகலின் அகராதியில் இரண்டாக எண்ணப்பெற்ற பொருள்களை, அம்பின் பின்தலை என்னும் ஒரு பொருளின் இரு கூறுகளாகக் கொள்ளுதலே பொருத்தமாகும். நாண் பேசப்படும் இடத்துக் குதை என்றும், பறத்தல் பேசப்படும் இடத்து இறகு என்றும் உரைகாரர் பிரித்துக்கொள்ளலாம்.

இதற்கு வயலிலும் ஒரு சான்று உண்டு. பசுந்தாள் உரமாக நம் உழவர் பயிரிடும் கொழிஞ்சி வடமொழியிற் சரபுங்கா எனப்படும். அதன் சிற்றிலையை நுனி பற்றி இழுத்தால் அது குறுக்கே நேராகக் கிழிவதில்லை. சாய்ந்தோடும் நரம்புகளின் வழியே கிழிகின்றது. மாணவர் எவரும் இதனைச் செய்து பார்க்கலாம். கிழிந்த ஒரு துண்டின் விளிம்பு குதையைப்போற் கவைத்திருக்கும். நடுநரம்பின் இருமருங்கும் அமைந்த நரம்புகள் இறகின் இழைகளைப்போல் நிற்கும். அச்செடிக்குப் பெயரிட்டவர் இவ்விரண்டையும் ஒருங்கே கண்டனர் போலும்.