மூக்கு மரத்தபின் எச்சரிக்கும் கருவிகள்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் ஒடெஸ்ஸாவில், எண்ணெய் வயலுக்கு நீர் செலுத்தும் நிலையமொன்றில் 2019 அக்டோபர் 26 அன்று கசிந்த ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயு, ஊழியர் ஒருவரையும் அவரைத் தேடி வந்த மனைவியையும் பலிகொண்டது.

அழுகிய முட்டை நாற்றமுடைய இவ்வாயு, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் முகரும் திறனையே மழுங்கடித்துவிடும். ஆகவே கருவிகளையே நம்ப வேண்டியுள்ளது.

சூடாக்கப்பட்ட வெள்ளீய ஆக்ஸைடின் மேற்பரப்பில் ஒட்டும் ஆக்ஸிஜன், எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும். நச்சுவாயு அந்த ஆக்ஸிஜனுடன் வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை குறையும், கருவி எச்சரிக்கும். துகள்கள் சில நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால் உணர்திறன் வெகுவாக உயரும் என 1991-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர்.

ஆனால் ஒடெஸ்ஸாவில் ஊழியர் உணர்கருவியை அணிந்திருக்கவில்லை. நிலையத்தின் எச்சரிக்கை அமைப்பும் இயங்கவில்லை என்று அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2021-இல் தெரிவித்தது. எத்தகைய நுண்பொருளாலான கருவியும் முறையாகப் பராமரிக்கப்பட்டால்தான் உயிர்காக்கும்.