சாம்பல் நீரும் பசுஞ்சுவரும் – சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே, கிணற்றடியிற் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் ஓடுவது நாம் கண்டு வளர்ந்த காட்சியாகும். அதனை எவரும் தொழினுட்பம் என்று அழைத்ததில்லை. இன்று நிலம் அருகிய மாநகரங்களிலே, கட்டடச் சுவரிற் செடி வளர்த்து அதற்கு வீட்டுக் கழிவுநீரைப் பாய்ச்சும் முறையாக அதே செயல் புதுப்பெயர் பெற்றுள்ளது. இம்மாற்றம் யாருக்குப் பயன்படுகின்றது என்பதே எமது வினா.

குளியல், கைகழுவல், உடுப்புத் தோய்த்தல் ஆகியவற்றால் வெளியேறும், மலகூட நீர் கலவாத நீரே சாம்பல் நீர் எனப்படும். கொழுப்பு மிகுதியாதலின் சமையலறை நீரைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. சுவரிற் பொருத்திய சாடிகளின் மேல்வரிசையில் விடப்படும் நீர் படிப்படியாகக் கீழிறங்குகையில், மண்ணுக்குப் பதிலாக இடப்பட்ட ஊடகம் அழுக்கை வடிகட்டுகின்றது. நுண்ணுயிர்கள் சேதனப் பொருளைச் சிதைக்கின்றன. நைதரசனிலும் பொசுபரசிலும் ஒரு பகுதியைச் செடி உணவாகக் கொள்கின்றது. ஆயினும் நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாற்றமெடுக்கும். சலவைத்தூளின் சோடியம் நாளடைவிற் படிந்து செடியை வாட்டும். நோய்க்கிருமிகள் முற்றாக நீங்குவதில்லையாகையால் நீரைத் தெறிக்கவிடாது துளித்துளியாகவே செலுத்துதல் வேண்டும்.

பூனே நகரில், அரச குடிநீர் நிறுவனமொன்றின் அலுவலகத்தில் நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வு இங்கு நோக்கற்பாலது. சுட்ட களிமண் உருண்டைகளை மட்டும் இட்டபோது நீர் விரைந்து வழிந்தோடியது. மணலையோ தென்னந்தும்பையோ கலந்தபின் நீர் தங்கிச் சென்றது, சுத்திகரிப்பும் மேம்பட்டது.

தும்பு என்றதும் நாம் சற்றுத் தரித்து நிற்றல் தகும். ஒருகாலத்தில் எமது நாட்டுத் தும்பாலைகளின் அருகே குப்பைமேடாய்க் கிடந்த தும்புத்தூள், இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு, செடி வளர்க்கும் ஊடகமாக ஏற்றுமதியாகின்றது. மேல்நாட்டுப் பசுஞ்சுவரை வியந்து நோக்குபவர் எவரும், மட்டை ஊறவைத்துத் தும்படிக்கும் பெண்ணின் உழைப்பை அங்கே காண்பதில்லை. பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைக்கும் என்ற மார்க்சின் கூற்றுக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

கொழும்பிலும் சுற்றயலிலும் செடிமாடங்களோடு எழுந்துள்ள ஆடம்பர அடுக்குமாடிகள் விளம்பரத்தில் இடம்பெறுகின்றன. இருவகை நீரையும் பிரித்தெடுக்க இரட்டைக் குழாய், பம்பி, பராமரிப்பாளர் எனச் செலவு பல. ஆனால் நகரத் தோட்டக் குடியிருப்புகளின் பொதுக் குழாயடியை எண்ணிப் பார்ப்போம். அங்கே பல குடும்பங்கள் ஒரே இடத்திற் குளித்துத் தோய்க்கின்றன. மலகூட நீர் அதிற் கலப்பதில்லை. பணக்காரர் குழாயமைத்துப் பெறும் பிரிவினை அங்கு ஏலவே உள்ளது. தகரக் கூரையின்கீழ் வேகும் அம்மக்களுக்கே நிழற்சுவரின் தேவையும் அதிகம். எனினும் அந்நீர் நேரே வடிகானுக்குச் செல்கின்றது.

2010ஆம் ஆண்டின் பின் இத்தோட்டவாசிகளிற் பலர் அரசின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டுள்ளனர். கட்டி முடிந்த மாடியிற் குழாயைப் பிரிப்பது பெருஞ்செலவு. வரைபட நிலையிற் சிறுசெலவே. இனி எழும் மாடிகளுக்கு இரண்டாங் குழாயைக் கேட்பது, தண்ணீர்க் கட்டணத்தையும் மின்தூக்கியையும் பற்றிய முறைப்பாடுகளோடு குடியிருப்போர் சங்கங்களின் கோரிக்கைகளில் இடம்பெறத் தக்கது.