கோளாறு பெட்டியில் இல்லை!

தூத்துக்குடிப் படகின் ஆழமானி விவேக் நகருக்கு வந்துபோன கதை

(நமது விவேக் நகர் நிருபர்)

வியாழக்கிழமை என்றால் விவேக் நகரில் தெருவெல்லாம் கூட்டம். குழந்தை இயேசு ஆலயத்துக்கு நகரின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் வருவார்கள். தமிழ்நாட்டிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்குகிறவர்களும் உண்டு. சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு வியாழக்கிழமை காலையில் என் மனைவியின் அண்ணன் தூத்துக்குடியிலிருந்து வந்தார். ஒரு கையில் கருவாட்டுப் பொட்டலம். மறு கையில் துண்டில் சுற்றிய ஒரு பெட்டி.

"மாப்பிள்ளை, இந்தச் சாமான் பொய் சொல்லுது. பெங்களூரிலே இதைப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் இருப்பாங்கல்லா?" என்றார்.

பெட்டியைப் பிரித்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறிய திரை, நீண்ட வயர், வயரின் முனையில் கறுப்பு நிறத்தில் ஒரு குமிழ். மீனவர்கள் எக்கோ சவுண்டர் என்று சொல்லும் ஆழமானி அது. படகுக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கருவி.

மச்சானுக்குத் தெரேசுபுரத்தில் ஒரு பைபர் படகு. அதன் கடன் இன்னும் தீரவில்லை. முந்தைய மாதம் ஒரு நாள், பொழுது மங்கும் நேரத்தில், அவர் மகன் படகை ஓட்டிக்கொண்டு கரை திரும்பினான். திரையில் 8 என்று தெரிந்தது. எட்டுப் பாகம் தண்ணீர் இருக்கிறது என்று எண்ணி வேகத்தைக் குறைக்காமல் வந்தான். சற்று நேரத்தில் அடியில் பாறை இடித்தது. எஞ்சின் விசிறியின் இலை முறிந்தது. படகில் மூன்று பேர். வேறொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. உயிருக்குச் சேதமில்லை. அதுவே பெரிய காரியம்.

எட்டு என்றால் எத்தனை?

அன்று மத்தியானம் இருவரும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். மின்னணுச் சாமான் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்.

"இது அடிக்கணக்கில் இருக்கிறதே, உங்களுக்குத் தெரியுமா?"

மச்சான் பேசவில்லை.

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். ஏறக்குறைய 6 அடி. எட்டுப் பாகம் என்றால் 48 அடி, அதாவது 14 மீட்டருக்கு மேல். எட்டு அடி என்றால் இரண்டரை மீட்டர்கூட இல்லை. பெட்டி சொன்னது அடி. பையன் படித்தது பாகம். பெட்டி பொய் சொல்லவில்லை.

"படகு வேகமாகப் போகும்போது எண் காணாமல் போகுமா?" என்று பெரியவர் மேலும் கேட்டார். "ஆமாங்க, தாறுமாறா ஓடும்" என்றார் மச்சான். "அப்படியானால் குமிழை வைத்த இடமும் சரியில்லை. பெட்டியில் கோளாறு இல்லை. கொண்டுபோய் ஒழுங்காகப் பொருத்துங்கள்" என்று சொல்லி அனுப்பினார். காசு வாங்கவில்லை.

தண்ணீர் டிரம்மில் சோதனை

மச்சானுக்கு மனம் ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் டிரம்மில் குமிழை இறக்கினார். விரலை வைத்தால் 'டிக் டிக்' என்று துடிப்பு தெரிந்தது. திரையில் ஒரு தடவை 3, அடுத்த தடவை 40! தெருப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

இதன் காரணம் எளியது. குமிழ் ஒரு சத்தத்தை அனுப்புகிறது. அது கடல் தரையில் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தைக் கொண்டு பெட்டி ஆழத்தைக் கணக்கிடுகிறது. கடல் நீரில் சத்தம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போதும். டிரம்மிலோ சத்தம் அடியிலும் சுவரிலும் மாறிமாறி மோதுகிறது. எந்த எதிரொலியை நம்புவது என்று பெட்டிக்குத் தெரிவதில்லை.

இந்தக் கருவி பிறந்ததும் ஒரு விபத்தை ஒட்டித்தான். 1912-ல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. பனிப்பாறையை முன்கூட்டியே அறிய வழி தேடியவர்களில் ஒருவர் ஜெர்மானியரான அலெக்சாண்டர் பேம். எதிரொலியால் ஆழம் காணும் முறைக்கு அவர் 1913-ல் காப்புரிமை பெற்றார். பனிப்பாறைக்காகத் தேடிய வழி கடல் தரையைக் காட்டிக் கொடுத்தது. 1948-ல் ஜப்பானில் புருனோ சகோதரர்கள் இதையே மீன் தேடும் கருவியாக்கி விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள்.

தண்ணீருக்குள் போன தீவு

அடுத்த மாதம் நான்கு நாள் லீவு போட்டு மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏறினேன். அந்தக் கடலைப் பார்த்த பிறகுதான் எட்டு அடிக்கும் எட்டுப் பாகத்துக்கும் உள்ள வித்தியாசம் உறைத்தது.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்பது கணக்கு. அவற்றில் இரண்டு இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. ஒன்று, தூத்துக்குடிப் பக்கமுள்ள விலாங்குச்சல்லி. மற்றொன்று பூவரசன்பட்டி. பவளப்பாறையைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததும் கடல் அரித்ததும் சேர்ந்து அவற்றை மூழ்கடித்தன. 1986-ல் இத்தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாயின. அதன் எல்லைக்குள் மீன்பிடி படகு போகக்கூடாது. வெளியிலும் ஆங்காங்கே 'பார்' என்று மீனவர்கள் சொல்லும் பாறைத் திட்டுகள் உண்டு.

மச்சானின் தகப்பனார் காலத்தில் கோயில் கோபுரத்தையும் கரையிலுள்ள வேறொரு அடையாளத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் பாரைக் கண்டுபிடிப்பார்கள். சந்தேகம் வந்தால் ஈயக்குண்டு கட்டிய கயிறு. பொழுது சாய்ந்தால் கோபுரம் தெரியாது. அங்கேதான் இந்தப் பெட்டி உதவ வேண்டும்.

பொருத்திய விதம்

குமிழ் முன்பு எஞ்சினை ஒட்டியே இருந்தது. விசிறி கிளப்பும் காற்றுக் குமிழிகள் அதன் முகத்தை மூடிவிட்டன. காற்று கலந்த தண்ணீரைத் தாண்டிச் சத்தம் சரியாகப் போகாது. வேகத்தில் எண் தாறுமாறாக ஓடிய காரணம் அதுதான்.

பைபர் படகில் குமிழை உள்ளே, அடித்தட்டோடு ஒட்டியும் வைக்கலாம். கெட்டியான பைபராக இருந்தால் சத்தம் ஊடுருவும். நடுவே நுரைப்பஞ்சோ மரமோ இருந்தால் ஊடுருவாது. மச்சான் படகின் அடித்தட்டில் என்ன இருக்கிறது என்று நிச்சயமில்லை. ஆகவே வெளியே, பின்பலகையில் பொருத்த முடிவு செய்தோம்.

முதலில் பின்பலகையில் ஒரு சிறிய பலகையை ஒட்டி, குமிழின் தாங்கியை அதில் திருகினோம். பிறகு இடம் மாற்ற நேர்ந்தாலும் படகில் புதிய ஓட்டை விழாது. விசிறியிலிருந்து முக்கால் கை தள்ளி, முகம் நேராகக் கீழே பார்க்க, படகின் அடிமட்டத்துக்கு ஒரு நூல் கீழே இறங்கும்படி வைத்தோம். மின்சாரத்துக்கு 12 வோல்ட் பேட்டரி; அதன் பக்கத்திலேயே ஒரு பியூஸ். எஞ்சின் வயரோடு சேராமல் குமிழின் வயர் படகின் மறுபக்கமாகப் போயிற்று. அது நீளமாக இருக்கிறதே என்று வெட்டப் போன பையனின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வயரை வெட்டி ஒட்டினால் எதிரொலி பலவீனப்படும்.

கயிறு சொன்ன சாட்சி

மறுநாள் காலை காற்றில்லாத நேரத்தில் கடலுக்குப் போனோம். மூன்று இடங்களில் படகை நிறுத்திப் பழைய ஈயக்குண்டுக் கயிற்றை இறக்கினோம். கயிற்றில் 6 மீட்டர் என்றால் பெட்டியில் 5.7. மூன்று இடத்திலும் அதே 30 சென்டிமீட்டர் குறைவு.

இது பிழையல்ல. குமிழ் நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. பெட்டி அங்கிருந்து அளக்கிறது. கயிறு நீர்மட்டத்திலிருந்து அளக்கிறது. அந்த 30-ஐக் கூட்டிக் காட்டும்படி பெட்டியில் திருத்தம் செய்தோம். அளவை மீட்டருக்கு மாற்றினோம். மூன்று மீட்டருக்குக் குறைந்தால் மணி அடிக்கும்படியும் வைத்தோம். கடைசியாக மச்சான் பெயின்ட் எடுத்துப் பெட்டிக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார்: 'மீட்டர். நீர்மட்டத்திலிருந்து.'

அந்த இரண்டு வார்த்தை முன்பே இருந்திருந்தால் விசிறி முறிந்திருக்காது.

பெட்டி பார்க்காதது

கரைக்குத் திரும்பும்போது பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மச்சான் அவன் தலையில் லேசாகத் தட்டினார். "லேய், அது கீழேதான் பார்க்கும். முன்னாலே நீதான் பார்க்கணும்."

உண்மை அதுதான். பெட்டி காட்டுவது படகு வந்து சேர்ந்துவிட்ட இடத்தின் ஆழம். பத்து மீட்டர் முன்னே எழும்பி நிற்கும் பாறையை அது காட்டாது. அலை உடைந்து நுரை பொங்கும் இடத்தில் எண்ணை நம்ப முடியாது. கடற்புல் அடர்ந்த இடத்தில் புல்லின் நுனியையே தரை என்று காட்டிவிடும். எண் ஒரேயடியாகக் குறைந்துகொண்டே வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். காரணத்தைப் பிறகு ஆராயலாம்.

கடலில்லாத பெங்களூரில் இந்தச் செய்தி எதற்கு என்று கேட்கலாம். நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு விசாரித்துப் பாருங்கள். யாரோ ஒருவரின் அண்ணனோ மாமனோ கரையில் இருப்பார். இங்கிருந்து பணம் அனுப்பிக் கருவி வாங்கிக் கொடுக்கிறவர்கள் உண்டு. வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. எந்த அளவில் எண் காட்டுகிறது, எங்கிருந்து அளக்கிறது, கயிற்றோடு ஒத்துப்பார்த்தாயா என்ற மூன்று கேள்வியையும் போனில் கேட்டுவிட வேண்டும்.

போன வியாழக்கிழமை மச்சான் பேசினார். விசிறிக்கான செலவில் பாதி அடைந்துவிட்டதாம். பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதாம்.

"கயிறு என்னாச்சு மச்சான்?" என்றேன்.

"அணியத்துலேயே கிடக்கு. அதை எப்படித் தூரப் போடுவேன்?" என்றார்.