புள்ளி போடாத சோதனை

“எல்லாம் தெரியும் அம்மா, பத்துத் தரம் வாசிச்சிட்டன்.”

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு முதல் நாள் இரவு என் ஒன்பது வயது மகள் இப்படித்தான் சொன்னாள். மறுநாள் சொல்வதெழுதலில் பத்துக்கு நாலு. காரில் அழுதுகொண்டே, “இனி தமிழ் வகுப்புக்குப் போகமாட்டன்” என்றாள்.

எனக்குப் பகீரென்றது. அதே வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த நான் பன்னிரண்டு வயதில் தமிழ் வகுப்பை விட்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மம்மாவுக்கு, அவர் கண்மூடும் வரை, தமிழில் ஒரு கடிதம்கூட நான் எழுதவில்லை.

மகள் பொய் சொல்லவில்லை. புத்தகத்தைப் பார்க்கும்போது எல்லாச் சொல்லும் தெரிந்த சொல்லாகத்தான் இருக்கும். ஆனால் பார்த்து அடையாளம் காண்பது வேறு, பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது வேறு.

அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களை ஒரு பகுதியைத் திரும்ப வாசிக்க வைத்தார்கள். இன்னொரு பகுதியை, வாசித்த பின் பார்க்காமல் எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் பரிசோதித்தபோது திரும்ப வாசித்ததுதான் முன்னுக்கு நின்றது. ஒரு வாரத்தின் பின் நிலைமை தலைகீழ்: திரும்ப வாசித்ததில் 42 வீதம், பார்க்காமல் எழுதியதில் 56 வீதம் நினைவிலிருந்தது. சோதனை என்பது அளப்பதற்கு மட்டுமல்ல, அதுவே படிப்புத்தான்.

எங்கள் வீட்டில் இப்போது இப்படிச் செய்கிறோம். ஒரு சொல்லுக்கு ஒரு சின்ன அட்டை. ஒரு பக்கம் படம், மறுபக்கம் சொல். படத்தைப் பார்த்துச் சொல்லை எழுதி, அட்டையைத் திருப்பி அவளே சரிபார்ப்பாள். சரியென்றால் அந்த அட்டை மூன்று நாள் கழித்துத்தான் திரும்ப வரும். பிழையென்றால் நாளைக்கே வரும். ஐந்து நிமிடம்தான். புள்ளி இல்லை, சிவப்புப் பேனை இல்லை, அப்பாவிடம் சொல்வதும் இல்லை. பிழை விட்டால் ஒன்றும் குறையாது என்று தெரிந்தால்தான் பிள்ளை துணிந்து எழுதும்.

முதல் நாளே, “நீங்களும் எழுதுங்கோ அம்மா” என்றாள். பள்ளிக்கூடப் படத்துக்கு நான் ‘பல்லி’ என்று எழுதினேன். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்கள் சுவரில ஓடுற பல்லியிலயா படிச்சனீங்கள்?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். தமிழ் எழுத்துப் பிழைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பிழையை நான் திரும்ப விடவேயில்லை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்றிரவு பிள்ளையிடம் “படிச்சு முடிச்சிட்டியா?” என்று கேட்காதீர்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, ஒரு வெறுந்தாளைக் கொடுங்கள். உங்களுக்கும் ஒன்று எடுத்து வையுங்கள்.

போன கிழமை மகள் என் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் தானே தமிழில் எழுதினாள்: ‘அம்மம்மா சாப்பிட்டீங்களா? நாளைக்கு வாழைபழம் கொண்டுவாங்கோ.’ ஒரு ‘ப்’பை விட்டுவிட்டாள். ழகரம் சரி. நான் திருத்தவில்லை. அந்த அட்டை நாளைக்கு வரும்.