குவாந்தான் தட்டும் லூமுட் கூரையும்

லூமுட்டில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் கூரைகளில் ஆஸ்ட்ரோ தட்டுகள் மல்லாந்தாற்போல் இருக்கும். மியாசாட் துணைக்கோளம் நமக்கு ஏறக்குறைய உச்சி வானில் நிற்பதுதான் காரணம். தட்டின் அகலம் 60 செண்டிமீட்டர் போல. 1970-இல், நிலவில் மனிதன் நடந்த மறு ஆண்டு, குவாந்தானில் துணைக்கோள நிலையம் திறந்தபோது அந்த வகை நிலையங்களுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் அகலத் தட்டு தேவைப்பட்டது. துணைக்கோளத் தொடர்புக்கு அன்று நாட்டுக்கே அது ஒன்றுதான் வாசல்.

அவ்வளவு பெரிதாக வைத்ததில் பகட்டு ஒன்றும் இல்லை. மேலே இருந்த கருவிகள் அத்தனை பலவீனமானவை. 1962 ஜூலை 23-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் முதன்முறையாக நேரலைக் காட்சிகளைப் பரிமாறிக்கொள்ள உதவிய டெல்ஸ்டார், இரண்டு வாட்டுக்குச் சற்று மேலான திறனில்தான் பேசியது. ஓடிக்கொண்டே இருந்ததால் ஒரு சுற்றுக்கு 20 நிமிடம்தான் இரு கரைக்கும் சேர்ந்து தெரிந்தது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கை அனுப்பிய சின்கோம் 3, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஓரிடத்தில் நிற்பதுபோல் சுற்றியது. மறு ஆண்டு வந்த ஏர்லி பேர்டில் 240 தொலைபேசி இணைப்புகள் போகும். இல்லையென்றால் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம். ஒரு பந்தயத்தைக் காட்ட அத்தனை பேரின் பேச்சையும் நிறுத்த வேண்டும். விலை எப்படி இருந்திருக்கும்! உலகம் திரளும் பெரிய நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே அது கட்டுப்படியானது.

1975 ஜூலை 1-இல் நாமே அனுப்பும் பக்கத்தில் இருந்தோம். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் 15 சுற்று மோதினார்கள். புள்ளிகளில் அலி வென்றார். அமெரிக்காவில் அது இரவு நேரக் காட்சியாக வேண்டும், ஆகவே நம் ஊரில் காலை வெயிலில் சண்டை. சித்தியவான், ஆயர் தாவார் பக்க ரப்பர் தோட்டங்களில் அது மரம் வெட்டிப் பால் எடுக்கும் நேரம். அலியைப் பார்க்க மொழி தேவையில்லைதான், ஆனால் கையில் வாளி இருந்தால் என்ன செய்வது? லயத்தில் பகலில் மின்சாரம் கிடைக்காத தோட்டங்களில் கார் பேட்டரியில்தான் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஓடியது. அந்தப் பெட்டிக்கும் ஆண்டுக்கு 24 வெள்ளி லைசென்ஸ்.

நேரலையில் தமிழ் எங்கே இருந்தது என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். வானொலி இருந்தது, செய்தி இருந்தது, எப்போதாவது ஒரு படம், அப்புறம் வீடியோ கேசட். 1993-இல் சன் டிவி துணைக்கோளம் வழியே தமிழ்நாட்டில் தொடங்கியபோதும் இங்கே வீட்டில் தட்டு வைக்க அனுமதி கிடையாது. 1996 ஜனவரியில் மியாசாட்-1 ஏறியது, ஆஸ்ட்ரோ வந்தது, அதில் வானவில் என்ற தமிழ் ஒளியலை வந்தது. அதற்குள் பல தோட்டங்களில் ரப்பருக்குப் பதில் செம்பனை. லயத்து மக்களில் பலர் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். வானத்திலிருந்து தமிழ் இறங்கியபோது தோட்டத்தில் கூடிப் பார்க்கும் மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்தும்.

இன்றும் பெருமழை பிடித்தால் தட்டில் படம் போய்விடும். தட்டுக்கு வரும் அலையை மழைத்துளி விழுங்கிவிடும். இளசுகள் அதற்காகவே கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள். இணையம் வழியே கைப்பேசிக்கு வரும் படமோ தட்டுக்குச் சில நொடிகளாவது பிந்தும், சில நேரம் அரை நிமிடம்கூட. கிரிக்கெட் இறுதி ஓவரில் தட்டு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தா கத்திவிட்டால், கைப்பேசிக்காரன் அவுட் ஆவதைப் பார்க்கும் முன்பே அவனுக்கு விஷயம் தெரிந்துவிடும். அந்தச் சண்டை இப்போது வாரம் ஒருமுறையாவது நடக்கிறது.